அங்கீகரித்தது யார்?

செயப்பாட்டு வினையைக் கற்பிக்கும்போது மாணவருக்கு நான் ஆண்டுதோறும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. இவ்வினையில் செயலுக்கு ஆளான பொருள் முன்னே வந்து நிற்கும். செயலைச் செய்தவன் விரும்பினால் மறைந்துகொள்ளலாம். "மரம் வெட்டப்பட்டது" என்ற அளவில் வாக்கியம் நிறைவு பெற்றுவிடுகிறது. வெட்டியவன் யார் என்று இலக்கணம் வற்புறுத்திக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் வாசிப்பவரே.

இதை வகுப்பிற் சொல்லிவந்த நான், வகுப்புக்கு வெளியே ஒருமுறை கேட்கத் தவறினேன். அந்தத் தவற்றிலிருந்துதான் இக்கட்டுரை பிறக்கிறது.

திருக்கடலூரைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தாள். ஆனால் அரச பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய இசட் புள்ளி அவளுக்குச் சற்றே குறைந்துவிட்டது. ஒருநாள் மாலை, வழவழப்பான தாளில் அச்சிட்ட அறிக்கையொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் அவள் தந்தையும் என் வீட்டுக்கு வந்தார்கள். தனியார் நிறுவனம் ஒன்று வார இறுதி நாட்களில் நடத்தும் பட்டக் கற்கைநெறி பற்றிய அறிக்கை அது. முதற்பக்கத்திலேயே "அங்கீகரிக்கப்பட்ட பட்டம்" என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தன. நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். நல்லதுதான், சேரட்டும் என்றேன். அவர் தமது தோணியின் எஞ்சினை ஈடுவைத்துக் கட்டணத்தின் முதற்பகுதியைக் கட்டினார். மூன்று ஆண்டுகள் அவள் சனி, ஞாயிறு தவறாமற் சென்று படித்தாள். பின்னர் பட்டதாரி நியமனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோதுதான், பட்டத்தை வழங்கிய வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளும் பட்டியல்களில் இல்லை என்பது தெரியவந்தது.

அறிக்கை பொய் சொல்லவில்லை. எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் அமைப்பு, அந்தப் பட்டத்தை அங்கீகரித்துத்தான் இருந்தது. எழுவாயை மட்டும் மறைத்துக்கொண்டது. "நீங்களும் பார்த்தனீங்கள்தானே, சேர்?" என்று அவள் கேட்டாள். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. உண்மையாகவே அறிய விரும்பிய குரலில். அதற்கு நான் விடை சொல்லவில்லை.

ஒரு கற்கைநெறியை "ஏற்கத்தக்கது" என்று சொல்வது எத்தகைய செயல்? அது ஓர் உண்மையைக் கண்டு கூறுதலா, அல்லது ஒரு வாக்குறுதி கொடுத்தலா? கண்டு கூறுதல் மட்டுமே என்றால், தவறாகக் கண்டவன் வருந்துவதோடு கடமை தீர்ந்துவிடும். வாக்குறுதி என்றால், அதை நம்பி எஞ்சினை ஈடுவைத்தவனுக்கு வாக்குக் கொடுத்தவன் கடன்பட்டவனாகிறான். என் வாசலில் நின்ற அந்தத் தந்தை என்னிடம் கேட்டது தகவல் அன்று, வாக்கு. அதை நான் அன்று உணரவில்லை.

முற்போக்கு எண்ணமுடைய நண்பர் சிலர், இந்த முத்திரைகளையே ஒழித்துவிட வேண்டும் என்பர். அறிவுக்கு ஏன் முத்திரை, கற்றவனை அவன் செயலே காட்டாதா என்பது அவர் வாதம். கேட்பதற்கு இனிமையானதே. ஆனால் நமது சமுதாயத்தில் முத்திரையின்றி வாழ வல்லவர் யார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையின் பெயர் ஒரு முத்திரை. மாமனின் வணிக நிலையம் ஒரு முத்திரை. பேசும் ஆங்கிலம் ஒரு முத்திரை. அவன் எந்தப் பட்டம் பெற்றாலும், பெறாவிட்டாலும், அவனுக்காக ஒருவர் தொலைபேசியை எடுத்துப் பேசுவார். வலை பின்னுபவர் மகளுக்காகப் பேசக்கூடியது அந்த ஒரு தாள் மட்டுமே. கொழும்பில் ஓர் அலுவலகத்திலே அவளை முன்பின் அறியாத ஒருவர், அவள் ஊரையும் சாதியையும் கேளாமல் அவளை ஏற்றுக்கொள்ளும்படி செய்வது அத்தாளின்மேல் உள்ள முத்திரை. ஆகவே முத்திரையை ஒழிப்பது ஏழையின் ஒரே பிணையாளியை ஒழிப்பதாகும். என் வழக்கு முத்திரையோடு அன்று. முத்திரை இடும் கை மறைந்திருப்பதோடுதான்.

இலங்கையில் ஓர் அரச பல்கலைக்கழகத்திற் புதிய பட்டக் கற்கைநெறி எவ்வாறு பிறக்கிறது? துறையொன்றில் உள்ள ஆசிரியர்கள் அதற்கான முன்மொழிவை எழுதுகின்றனர். அது பீடச் சபைக்குச் செல்கிறது, பின்னர் மூதவைக்கு, அதன்பின் பேரவைக்கு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் கல்வி, பரீட்சை ஆகியவற்றின் பொறுப்பை மூதவையிடம் ஒப்படைத்தது. அதே சட்டம் தோற்றுவித்த மானியங்கள் ஆணைக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். அங்கே துறைசார் நிலைக்குழுவும் தர உறுதிப்பாட்டுக்குப் பொறுப்பானவர்களும் முன்மொழிவை ஆராய்வர். இப்பாடத்துக்குத் தேவை உண்டா, கற்பிக்கத் தகைமையுள்ளோர் உண்டா, நூலகமும் ஆய்வுகூடமும் உண்டா, பயின்று வெளியேறுபவர் என்ன செய்ய வல்லவராய் இருப்பார் என்பன வினாக்கள். 2012இல் வகுக்கப்பட்டு 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்தோடு அது பொருந்தவும் வேண்டும். அச்சட்டகத்துக்குப் பன்னிரண்டு படிகள். ஐந்தாம் படியில் நிற்கும் பொதுப் பட்டத்துக்கு 90 திறமைப் புள்ளிகள். ஆறாம் படியாகிய சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு புள்ளி என்பது மாணவர் ஒருவரின் ஐம்பது மணி நேர உழைப்பு. நடந்துகொண்டிருக்கும் கற்கைநெறிகளையும் எட்டு அளவுகோல்கள் கொண்டு மீளாய்வு செய்து தரம் இடுகின்றனர்.

இவையெல்லாம் வேண்டாதவை என நான் சொல்லவில்லை. ஐம்பதைத் தொண்ணூறால் பெருக்கிப் பாருங்கள்: 4,500 மணி நேரம். மேசையிலே ஒரு முன்மொழிவுக்குக் கையொப்பம் இடுபவர், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒவ்வோர் இளைஞரிடமும் 4,500 மணி நேர வாழ்வைக் கேட்டு வாங்குகிறார். அந்தப் பெருக்கலைச் செய்யவேனும் அச்சட்டகம் உதவுகிறது.

ஆயினும் அந்த மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாடத்தை ஆக்கியவர், அதை மதிப்பிடுபவர், அதற்குப் பணம் ஒதுக்குபவர். தேவை உண்டா என்று அறியத் தொழில் வழங்குவோரின் கருத்தையும் கேட்பார்கள். எங்கள் துறைமுகத்தைச் சுற்றி மா ஆலை உண்டு, சீமெந்து ஆலை உண்டு, எண்ணெய்க் குதங்கள் உண்டு. அவற்றின் முகாமையாளர்களுக்கு வினாக்கொத்து அனுப்புவது எளிது. அதே துறைமுகத்தின் கரையில், எந்த மீன் எந்த மாதத்திற் குறைந்துவருகிறது என்று அறிந்த ஒருவருக்கு வினாக்கொத்து அனுப்புவார் யார்? அவருக்கு வேண்டிய கல்வி எது என்பது எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் விழுவதில்லை. "தேவை" என்ற சொல்லும் எழுவாயை மறைத்துக்கொள்ளும் சொல்தான்.

நம் முன்னோர் புதிய கல்வியை எவ்வாறு ஏற்றனர்? அதற்கு அவர்கள் இட்ட பெயர் அரங்கேற்றம். தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய நூலாகிய தொல்காப்பியத்தின் முன்னே நிற்கும் பாயிரத்தை ஓர் அங்கீகாரப் பத்திரம் என்றே சொல்லலாம். எந்த அவையில், யார் முன்னிலையில், யார் கேட்க அந்நூல் அரங்கேறியது என்பதைப் பனம்பாரனார் பெயர் சுட்டி எழுதிவைத்தார்: நிலந்தரு திருவிற் பாண்டியன் அவை, கேட்டவர் அதங்கோட்டாசான். எழுவாய் எங்கும் மறையவில்லை. நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு கதையும் சொல்கிறார். மாணவன்மீது சினங்கொண்ட அகத்தியர், அந்நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம்; அவரோ இரு பக்கத்தையும் பகைக்க விரும்பாமல், கேட்டுக் குற்றங் கூறுவதென முடிவு செய்து, சூத்திரந்தோறும் தடை எழுப்பினாராம்; தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை இறுத்தாராம். கதை கதையாகவே இருக்கட்டும். மதிப்பிடுபவர் நடுநிலை பிறழ்ந்தவராய் இருக்கக்கூடும் என்பதை அக்கதை ஒளிக்கவில்லை; தடையும் விடையும் பலர் கேட்க நிகழ்ந்தால் அப்பிறழ்வு பெருந்தீங்கு செய்யாது என்பதையும் அது அறிந்திருக்கிறது. பழமை அனைத்தும் சிறந்தது என்று நான் வாதிட வரவில்லை. அந்த அவைகளுக்குள் புக முடியாதவர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். நாம் அவ்வாயிலை அகலத் திறந்தோம். திறந்த கையோடு அவையின் வெளிச்சத்தை அணைத்துவிட்டோம்.

கல்வி முத்திரைக்கு முந்தியது என்பதற்கு ஈழத்துத் தமிழர் கண்ட சான்று ஒன்று உண்டு. அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1857இல். அதன் முதற் பட்டதாரிகளாய் வெளிவந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் கற்றவர்கள். முத்திரை பிறக்குமுன்பே கல்வி அவர்களிடம் முற்றியிருந்தது. பின்னர் 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, இருபத்தோர் ஆண்டுகள் அங்கே கற்ற நம்மவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்கே தோற்றினர். எதைக் கற்க வேண்டும், எதை வினாவ வேண்டும் என்ற முடிவு இலண்டனில் எடுக்கப்பட்டது. அந்த முத்திரையின் மதிப்புப் பெரிது. எங்கள் மண்ணில் கற்கத்தக்கது எது என்ற வினாவுக்கு அதனால் விடை சொல்ல இயலவில்லை.

இந்த இடத்தில் திருகோணமலைக்காரன் ஒருவன் சுவாமி விபுலானந்தரை நினையாது இருக்க முடியாது. இராமகிருஷ்ண மிசனின் பொறுப்பில் வந்த எங்கள் கோணேஸ்வரா இந்துக் கல்லூரியை 1920களின் பிற்பகுதியில் அதிபராயிருந்து வளர்த்தவர் அவர். அவர் பெற்ற முத்திரைகளைப் பாருங்கள். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். தமிழில் ஒரு பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. அவரையே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931இல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1943இல் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது. கற்பிப்பவர் அதே துறையில் உரிய தகைமை பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டத்தில் இன்று அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதுவோம்? பெளதிகம் கற்ற அந்தத் துறவி, பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து எழுதிய யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவ்வாராய்ச்சிக்கு அன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கைநெறி இல்லை. அத்துறையைத் தொடங்கியவரே அவர்தாம்.

புதிய துறை ஒவ்வொன்றிலும் முதல் ஆசிரியர் அத்துறையிற் பட்டம் பெறாதவராய்த்தான் இருக்க முடியும். தாய்க்கு முன் மகள் பிறப்பதில்லை. எனவே புதிய கற்கைநெறியை ஏற்பதென்பது, என்றேனும் ஓரிடத்தில், படிவத்தை மூடிவைத்துவிட்டு ஒரு மனிதரை நம்புவதாகவே முடிகிறது. அந்த நம்பிக்கையை ஒருவர் தம் பெயரில் வைக்க வேண்டும். "குழு தீர்மானித்தது" என்ற சொல்லுக்குப் பின்னே நின்றுகொண்டு வைக்க இயலாது. எங்கள் திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த மருத்துவம் பட்டப் படிப்பாக நடக்கிறது. தலைமுறை தலைமுறையாய் ஏட்டிலும் கைப்பழக்கத்திலும் வந்த ஒரு வித்தையைத் திறமைப் புள்ளிகளாகப் பகுத்தபோது, எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்பது பரம்பரை வைத்தியர்களோடு இருந்து பேசத்தக்க பொருள்.

அந்த வளாகத்தின் கதையே இங்கு பொருந்துவது. 1990களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகம் புகத் தகுதி பெற்றும் இடம் கிடையாத இளைஞருக்காக இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளை அரசு தொடங்கியது. அங்கே வழங்கப்பட்டது பட்டம் அன்று, இரண்டாண்டு டிப்ளோமா. 1993இல் திருகோணமலைக்கும் அத்தகைய கல்லூரி வந்தது. தெற்கே அக்கல்லூரிகள் சில, 1990களின் நடுவில் ரஜரட்ட, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களாயின. எங்களது 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. போர் நடந்த ஆண்டுகள் அவை. சோதனைச் சாவடிகளைக் கடந்து வகுப்புக்குச் சென்ற தலைமுறை அது. ஒரு வர்த்தமானி அறிவித்தலுக்கு முன் அதே நகரிற் படித்தவர் டிப்ளோமாதாரி. பின் படித்தவர் பட்டதாரி. கோடு எங்கேனும் கிழிக்கப்பட வேண்டியதுதான். கோட்டின் இப்புறம் நின்றவனுக்கு அது ஏன் அங்கே கிழிக்கப்பட்டது என்று சொல்லும் கடமை கிழித்தவனுக்கு உண்டு.

முத்திரை இடும் கைகள் இரண்டாகி ஒன்றோடொன்று பொருதும்போது நிகழ்வதையும் நாடு கண்டது. மாலபேயில் அமைந்த தனியார் மருத்துவ நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை 2011இல் வர்த்தமானி மூலம் அளிக்கப்பட்டது. இலங்கை மருத்துவ சபையோ, அங்கே பெறும் மருத்துவமனைப் பயிற்சி போதாது என்று அப்பட்டதாரிகளைப் பதிவு செய்ய மறுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 சனவரியில் மாணவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அரச மருத்துவ பீட மாணவர்கள் மாதக்கணக்கில் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். நிறுவனத்தைக் கலைத்து அதன் மாணவரைக் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் சேர்க்க அரசு முடிவு செய்தது. 2018இல் உயர் நீதிமன்றமும் மருத்துவ சபையின் மேன்முறையீட்டை ஏற்கவில்லை. கல்வியை விலைப்பொருளாக்குவதை எதிர்த்தவர் பக்கமே என் மனம் நின்றது; இன்றும் நிற்கிறது. இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளை இழந்தவர் இரு பக்கத்து மாணவருமே. வர்த்தமானியில் ஒப்பமிட்டவர் ஒருநாளும் இழக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பின், எச்சரிக்கை மிகுந்த ஒருவர், அப்படியானால் ஐயமுள்ள எதையும் ஏற்காது விட்டுவிடுவோம் என்று கூறலாம். அது எளிய வழி. நேர்மையானது என்று தோன்றும் வழியுங்கூட. ஆனால் ஆண்டுதோறும் உயர்தரத்தில் தகுதி பெறுவோரிற் பெரும்பகுதியினர் அரச பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நிற்கின்றனர். ஒரு முன்மொழிவு மேசையிலிருந்து மேசைக்குச் சென்று ஆண்டுகளைக் கழிக்கும்போது, திறக்கப்படாத அந்த வகுப்பறையின் மாணவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பெயரில்லாதவர் வழக்குத் தொடுப்பதில்லை. தவறான ஒப்புதலால் கெட்டவர் கண்ணுக்குத் தெரிகிறார். தாமதத்தாற் கெட்டவர் என் மாணவியைப் போல வண்ண அறிக்கையைத் தேடிப் போகிறார். அரச வாயில் அடைத்துக் கிடந்ததாலன்றோ அந்த மாடிப்படி அவளுக்கு வாயிலாகத் தோன்றியது!

ஏற்பதற்கும் மறுப்பதற்கும் காரணத்தை எழுதி, எழுதியவர் பெயரோடு, மாணவர் சேர்வதற்கு முன்பே, அவர் படிக்கும் மொழியில் வெளியிடட்டும். மீளாய்வு அறிக்கைகள் ஆங்கிலத்திற் கிடக்கின்றன. அவற்றை வாசிக்க வேண்டிய தந்தைக்குத் தமிழ் மட்டுமே தெரியும். விளம்பரம் செய்யும் எந்த நிறுவனமும், தன்னை ஏற்ற அமைப்பின் பெயரையும், அவ்வேற்பு இந்நாட்டில் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதையும், "அங்கீகரிக்கப்பட்ட" என்ற சொல்லின் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் எனச் சட்டம் வரட்டும். ஒப்புதல் பின்னர் பறிபோனால், இடையிலே படித்தவரின் இழப்பை யார் ஏற்பது என்பதும் ஒப்புதற் பத்திரத்திலேயே எழுதப்படட்டும். வீடு கட்டித் தருபவனிடம் நாம் எதிர்பார்ப்பதை அறிவு கட்டித் தருபவனிடம் எதிர்பார்க்கக் கூசுவானேன்?

உயர்தர மாணவர் இப்போது என்னிடம் அறிக்கைகளைக் கொண்டுவருகின்றனர். உடனே விடை சொல்வதில்லை. இரண்டு மூன்று நாள் தவணை கேட்டு, எழுதியும் தொலைபேசியில் விசாரித்தும், அறிந்ததைத் தாளில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கொடுக்கிறேன். சக ஆசிரியர் ஒருவர் இதைக் கண்டு, உனக்கேன் இந்த வம்பு, நாளைக்கு உன்னைத்தானே பிடிப்பார்கள் என்றார். ஆம், என்னைத்தான் பிடிக்க வேண்டும்.

அவள் இப்போது வெளிவாரிப் பட்டம் ஒன்றுக்கு, முதலாம் ஆண்டிலிருந்து, மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறாள். செவ்வாய் மாலைகளில் இலக்கணத்துக்கு என்னிடம் வருகிறாள். தந்தை இன்னும் பிறர் தோணியிற் கூலிக்குப் போகிறார்.